தவளையின் பலம்

பல்செட்காரருக்குச் சதுரங்க ராணியைக் கண்டாலே ஆகாது. பலகையின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு மறு மூலையில் நிற்பவனைப் போட்டுத் தள்ளுவது என்ன வீரம் என்பார். யானையும் பிஷப்பும் அதே ரகம்தான். முகம் தெரியாத தூரத்திலிருந்து அடித்துவிட்டு அப்பாவி போல நிற்கிற கூட்டம். அடிக்கிறவன் அடிபடுகிறவனின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், போகும்போது தானும் மாட்டிக்கொள்ளலாம் என்ற பயம் இருக்க வேண்டும், அதுதான் ஆட்டம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது என்பது வேறு விஷயம்.

அதனால் சொந்தமாக ஒரு சதுரங்கத்தையே கண்டுபிடித்தார். அதே பலகை, அதே ராஜா, அதே சிப்பாய்கள். மற்ற காய்கள் எதுவும் இரண்டு கட்டத்துக்கு மேல் போகாது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் ஒரே படை நின்றால் என்ன சுவாரசியம் என்று ஆளுக்கொரு படை வைத்தார். ஒரு பக்கம் தவளையும் நண்டும். எதிர்ப்பக்கம் கொக்கும் ஆமையும். தவளை நேராக இரண்டு கட்டம் தாவும், நடுவில் யார் நின்றாலும் கவலைப்படாது. மூலைவாட்டில் ஒரு கட்டம் நகரும். நண்டு பக்கவாட்டில் இரண்டு கட்டம் வரை ஓடும், முன்னால் ஒன்றுதான். கொக்கு மூலைவாட்டில் இரண்டு கட்டம் தாவும், நேராக ஒரு கட்டம் நடக்கும். ஆமைக்கு எந்தப் பக்கமும் ஒரே கட்டம், ஆனால் பின்வாங்குவது அதன் சரித்திரத்திலேயே கிடையாது.

காய்களையும் அவரே செய்தார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். ஆகவே தவளையும் நண்டும் செயற்கை ஈறு செய்கிற ரோஸ் பொடியில் பிறந்தன. கொக்கும் ஆமையும் அச்சு வார்க்கிற வெள்ளை மாவில். முதல் நாள் பெட்டியைத் திறந்ததுமே அவர் மனைவி, "ரோஸ் எனக்கு" என்று எடுத்துக்கொண்டாள். அவருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. கொக்கு அவர் பெற்ற பிள்ளை மாதிரி. அதை எதிரில் நிறுத்தி அடிக்க அவருக்கு மனசு வராது.

மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். விடிவதற்குள் போய், எந்த டிரைவர் வரவில்லை, எந்த வண்டி வழியில் நின்றுவிட்டது, யாரை இறக்கி யாரை ஏற்றுவது என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி மதியம் வீடு திரும்புவாள். சாயங்காலம் சமையலறை மேஜையைத் துடைத்ததும் இருவரும் ஆட உட்காருவார்கள். அவர் வேறு யாரோடும் ஆடியதில்லை. ஆட மாட்டார். காரணம் இருந்தது.

விளையாட்டுப் பெட்டிகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவருடைய ஆட்டத்தைப் பார்க்கச் சம்மதித்திருந்தது. அங்கே தேர்வு செய்யும் மேடம் போனில் இரண்டே விஷயம் சொன்னாள். இதுவரை வெளியாள் கண்ணில் பட்டிருக்கக் கூடாது. இரண்டு படையும் சமபலமாக இருக்க வேண்டும், எந்தப் பக்கம் எடுத்தாலும் ஜெயிக்க வழி இருக்க வேண்டும். "ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் நாங்க எடுக்க மாட்டோம் சார்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பெட்டி அலமாரியின் உச்சியில், துணி மூடி, யார் கைக்கும் எட்டாமல் உட்கார்ந்தது. வாழ்நாள் முழுக்க ஊரார் வாய்க்கு உழைத்துவிட்டோம், தன் பெயர் போட்ட பொருள் ஒன்று கடையில் இருக்க வேண்டும் என்று அவருக்கு அப்படி ஒரு ஆசை.

சமபலம் கொண்டுவருவது அவருக்குத் தெரிந்த வேலைதான். புதுப் பல் செட்டை வாயில் வைத்து, நடுவில் நீலத் தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்தப் பல்லில் நீலம் அழுத்தமாக விழுகிறதோ அது உயரம். அதைத் தேய்க்க வேண்டும். திரும்பக் கடிக்க வேண்டும், திரும்பத் தேய்க்க வேண்டும். ஆட்டத்தையும் அவர் அப்படியே தேய்த்தார். மனைவி ஜெயித்தால், "தவள ரொம்ப பலமா இருக்கு" என்று தாடையைத் தடவுவார். தவளை பின்பக்கம் தாவுவதை எடுத்தார். அவள் மறுபடி ஜெயித்தாள். மூலைவாட்டு நகர்வில் பாதியை எடுத்தார். அப்புறம் நண்டின் ஓட்டத்தை ஒரு கட்டமாகக் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் அவள், "சரிங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருக்கிற காலை வைத்துக்கொண்டு ஆடினாள். ஒருவழியாக வெற்றி நீ ஒன்று நான் ஒன்று என்று சமமாக நின்றது. அவர் கம்பெனிக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மச்சான் வந்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஊருக்கு அவன் கோச். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துக் கோப்பைகளாக வாங்கிக் குவிப்பவன். நிஜச் சதுரங்கம், ராணி இருக்கிற சதுரங்கம். பல்செட்காரர் என்னவோ செய்துகொண்டிருக்கிறார் என்று காதில் விழுந்த நாள் முதல், "அத்தான், மிருகக்காட்சிசாலை எப்படி இருக்கு?" என்று கேட்பதைத் தவிர அவன் எதுவும் கேட்டதில்லை. அவரும் அவனுக்கு ஒரு காயைக்கூடக் காட்டியதில்லை.

அன்றைக்கு டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "பாவம் அத்தான் அந்தத் தவள. பின்னாடி தாவக்கூடாதுன்னுட்டா அது எப்படிப் பொழைக்கும்?" என்றான்.

சொன்ன வாய் சொன்னபடியே நின்றது. பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. மனைவி அவசரமாக எழுந்து, காலியாக இருந்த தொட்டியில் பாத்திரம் கழுவப் போனாள்.

பல்செட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் ஆள் அழுத்தக்காரர். "ஆமா, பாவம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் டீயைக் குடித்தார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க எல்லாமே குற்றமாகத் தெரிந்தது. பெட்டிக்குள் அவர் எல்லாக் காயையும் இடப்பக்கம் பார்த்தே படுக்க வைப்பார். ஒரு ஆமை வலப்பக்கம் பார்த்துக் கிடந்தது. மேஜை விரிப்பின் மடிப்பில் வெள்ளை மாவு இருந்தது. தொட்டியில் இரண்டு டம்ளர் கிடந்தன. ஒரே ஆள் இரண்டு டம்ளரில் குடிப்பாளா?

"இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கேஸ்காரர் வந்தார்."

"டீ குடிச்சாரா?"

"கேஸ்காரர் எதுக்குங்க டீ குடிக்கணும்?" என்று அவள் திரும்பிக் கேட்டாள். அவர் பிடி கொடுக்காமல் நகர்ந்தார். கொஞ்ச நேரம் அந்தக் கேஸ்காரர் மீதும் அவருக்குச் சந்தேகம் இருந்தது என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

தன் பல் செட் கடையில் மெழுகை உருக்கிக்கொண்டே யோசித்தார். மச்சானுக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது. அதுவும் போன மாதம் மாற்றிய விதிவரை தெரிந்திருக்கிறது. ஏன்? ஒன்று, அவன் அதைத் தன் பெயரில் கம்பெனிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறான். கோச் என்றால் கதவு தானாகத் திறக்கும். பல்செட்காரன் என்றால் யார் என்பார்கள். இரண்டாவதாகத் தோன்றியது இதைவிட மோசம். அவன் அக்காவுக்கு மதியம் மதியம் வந்து பாடம் நடத்துகிறான். இல்லாவிட்டால், கல்யாணத்துக்கு முன்னால் சதுரங்கப் பலகையைத் தொட்டே பார்க்காதவள், இரண்டு காலும் ஒடிந்த தவளையை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு ஆடுகிறாள்? அவள் ஆடவில்லை, அவளுக்குள் இருந்து கோச் ஆடுகிறான்! அப்படியானால் தான் தேய்த்த தேய்ப்பெல்லாம் தப்பு. கம்பெனியில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினால் ரோஸ் படை மண்ணைக் கவ்வும், மேடம் பெட்டியை மூடி, "நன்றி சார்" என்பாள்.

இந்த யோசனையில் மெழுகு கொதித்துக் கருகிவிட்டது. கட்டிக்கொண்டவளே காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. கோபத்தைவிட அந்த எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தார். சனிக்கிழமை மதியம், அச்சுக்கு மாவு ஊற்றிவிட்டு, அது இறுகட்டும் என்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாசலில் மச்சானின் ஸ்கூட்டர் நின்றது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே பூனை மாதிரி அடி வைத்து நுழைந்து, செருப்பு வைக்கும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் போச்சா?" இது மச்சான் குரல்.

"நீ தவளைய அங்க விட்டிருக்கக் கூடாதுடா."

"அக்கா, அத்தானுக்கு மட்டும் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

"எத்தன தடவ சொல்லுவ? சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பல்செட்காரர் உள்ளே பாய்ந்தார்.

மேஜையில் பலகை விரித்திருந்தது. மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மனைவி மடியில் துவைத்த துணிகளைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"தெரிஞ்சுபோச்சு. எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றார் பல்செட்காரர். "எந்தக் கம்பெனிக்குப் பேசியிருக்க மச்சான்? அதச் சொல்லு மொதல்ல. உன் பேரப் போட்டாச்சா, இனிமேதானா?"

"ஐயோ அத்தான், என்ன பேசுறீங்க?"

"அப்ப இவளுக்குப் பாடம் எடுக்குறியா? என் ஆட்டத்தக் கெடுக்கணும்னே சொல்லிக்குடுக்குறியா?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள், "நான் சொல்லலப்பா, நீயே சொல்லிக்கோ" என்று ஒரு துண்டை உதறினாள்.

"பாடமா? நானா?" என்று மச்சான் பலகையைக் காட்டினான். "பாருங்க அத்தான். இது என் ராஜா. செத்துட்டான். வேடிக்க பாக்கத்தான் ஒரு நாள் வந்தேன். அக்காவ ஒரு ஆட்டம் போடச் சொன்னேன். தோத்தேன். புதுக் காய், பழக்கமில்லன்னு சொல்லிட்டு மறுநாள் வந்தேன், தோத்தேன். எங்க பசங்களுக்குச் சொல்லிக்குடுக்குற வித்தையெல்லாம் எறக்கிப் பாத்துட்டேன். பஸ்ஸுக்கு ஆள் மாத்துறவங்க துணி மடிச்சிக்கிட்டே என்னத் தோக்கடிக்கிறாங்கன்னு வெளிய தெரிஞ்சா எந்த ஸ்கூல் என்னக் கூப்பிடும்? அதான் சத்தியம் வாங்கினேன்."

பல்செட்காரருக்குப் பாதி உயிர் வந்தது. திருட்டு இல்லை. மிச்சப் பாதி இன்னும் முரண்டு பிடித்தது. "ரோஸ் காய் பலம் மச்சான். ஆரம்பத்துலேருந்தே அது பலம். நானும் எவ்வளவோ கொறச்சுப் பாத்துட்டேன்."

"இப்ப ரோஸ் யார்கிட்ட இருக்கு?"

அவர் அப்போதுதான் பலகையைச் சரியாகப் பார்த்தார். தவளைகளும் நண்டுகளும் மச்சான் பக்கம் விழுந்து கிடந்தன. அவருடைய கொக்கு, அவர் பெற்ற பிள்ளை, மனைவியின் பக்கத்திலிருந்து போய் ரோஸ் ராஜாவின் கழுத்தில் நின்றது.

"ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்துட்டேன் அத்தான்" என்றான் மச்சான் மெதுவாக. "எந்தப் பக்கம் அக்கா இருக்காங்களோ அந்தப் பக்கந்தான் பலம்."

பல்செட்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பக்கம் மாற்றி ஆட வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வெளியாள் யாரையும் நம்பாமல், ஒரே ஒருத்தியோடு, ஒரே பக்கம் உட்கார்ந்து, அவள் ஜெயிக்கும் போதெல்லாம் காயின் காலை வெட்டியிருக்கிறார். சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், பக்கம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று. சமபலம் சமபலம் என்று உயிரை விட்டவருக்குத் தெரியவில்லை.

"எழுந்திரு மச்சான்" என்றார். அவனுடைய இடத்தில் உட்கார்ந்து ரோஸை அடுக்கினார். மனைவி மறுபேச்சில்லாமல் வெள்ளையை அடுக்கினாள். அந்தத் தவளையோடு உட்கார்ந்த பிறகுதான் அதன் கஷ்டம் அவருக்குத் தெரிந்தது. முன்னால் தாவினால் திரும்பி வர வழியில்லை. நண்டு ஓட நினைக்கும்போதே நின்றுவிட்டது. துணிக்குவியல் பாதிகூடக் குறையவில்லை, அவருடைய ராஜா கவிழ்ந்தார். இத்தனை நாள் இவள் இதை வைத்துக்கொண்டா தன்னைச் சரிக்குச் சரி நிறுத்தியிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்குக் காது சூடாயிற்று.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அப்ப தவள இல்லையா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"நான் ஜெயிச்சப்பல்லாம் தவள பலமா இருக்குன்னு சொன்னீங்க. இவன் என்னடான்னா காய் பழக்கமில்லன்னு சொன்னான். ரெண்டு பேரும் வெவரம் தெரிஞ்சவங்க, காயிலதான் ஏதோ இருக்குன்னு நெனச்சேன். டிப்போவுல போயி, எங்க வீட்டுல ஒரு தவள இருக்கு, அது கைக்கு வந்தா தோக்கவே தோக்காதுன்னு பெருமையா சொல்லிட்டிருந்தேன்." அவள் குரல் ஏறவில்லை. "ஒவ்வொரு காலா எடுத்தீங்களே, அப்பக்கூட, பாவம் தவளைக்கு இன்னும் பலம் இருக்கு போலன்னுதான் நெனச்சேன்."

மச்சான் நைசாகத் தன் சாவியை எடுத்துக்கொண்டு, வகுப்பு இருக்கிறது என்று முனகிவிட்டு நழுவினான். அவன் போனது பல்செட்காரருக்குத் தெரியவே இல்லை. மனைவியைச் சந்தேகப்பட்ட வெட்கம் ஒரு பக்கம், அவளை இத்தனை நாள் பார்க்காமலே எதிரில் உட்கார்ந்திருந்த வெட்கம் ஒரு பக்கம். இரண்டாவதுதான் அதிகமாக வலித்தது.

எழுந்து போய் மேடத்துக்குப் போன் செய்தார். கையிருப்பில் இருந்த பொய்யெல்லாம் நாக்கு வரை வந்தது. எல்லாவற்றையும் மென்று விழுங்கினார்.

"திங்கட்கிழம வரல மேடம். ரெண்டு படையும் சமமா இல்ல."

"போன வாரம் சமம்னு சொன்னீங்களே சார்?"

"ஒரு படையத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒண்ணுமில்லாம ஆக்கிட்டேன். மறுபடி மொதல்லேருந்து பாக்கணும். ஆளுங்கள மாத்தி மாத்தி ஆடிப் பாக்கணும்."

இந்த வருடத்துக்கு வேறு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம், அடுத்த வருடம் முடிந்தால் பார்க்கலாம் என்றாள் மேடம். முடிந்தால் என்ற சொல்லை அவள் உச்சரித்த விதத்திலேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது மனைவி துணிகளை ஒதுக்கிவிட்டுப் பலகையைத் துடைத்து வைத்திருந்தாள்.

"வரலன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"உங்களுக்கு எவ்வளவு ஆச இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம், "சரி, உக்காருங்க. எடுத்த காலெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு ஒரு ஆட்டம் ஆடலாம். தவள எப்படிப் பொறந்துச்சோ அப்படி" என்றாள்.

மறுபடி அவளுக்கு ரோஸ், அவருக்கு வெள்ளை என்று ஆடினார்கள். பல்செட்காரர் தன் வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். கொக்குகளை ஜோடி சேர்த்தார், ஆமைகளை வரிசை கட்டி முன்னே தள்ளினார். அவருக்கே தன் ஆட்டத்தைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. தவளை முன்னால் தாவி, பின்னால் தாவி, ஒரு கொக்கைத் தின்று, மூலைவாட்டில் நகர்ந்து நின்றபோது அவருடைய ராஜாவுக்குப் போக இடமில்லை. சுத்தமான தோல்வி. அவர் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை, எதிரில் இருந்தவள் அதைவிடப் பெரிய ஆள், அவ்வளவுதான்.

"நல்லா ஆடுற" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

மனைவி பலகையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் தலையைச் சாய்த்து, நெடுநேரம் பார்த்தாள். இந்த ஒரு வாரமாக டம்ளரையும் மேஜை விரிப்பையும் அவர் பார்த்த பார்வை அது.

"வேணும்னே விட்டுக்குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல."

"நான் வருத்தப்படுவேன்னு விட்டிருப்பீங்க."

"இல்லடி. நெஜமாவே தோத்துட்டேன்."

"அந்தக் கொக்க அப்படித் தூக்கிக் குடுப்பீங்களா நீங்க? எனக்குத் தெரியாதா?"

அவர் என்னென்னவோ சொன்னார். கொக்கு எப்படி மாட்டியது என்று நகர்த்திக் காட்டினார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் எதையும் நம்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காய்களை மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள்.